பொது ஏட்டிலிருந்து பொதுச் சேவையகம் வரை: எழுவைதீவை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

ஓர் அலுவலகம் எத்துணைச் சிறியதாயினும் அதற்கு நினைவு வேண்டும். அந்நினைவு அங்குப் பணிபுரிவோரின் உள்ளத்தில் மாத்திரம் தங்கியிருக்குமாயின், அவர்கள் இடமாற்றம் பெற்றுச் செல்லும்போது அதுவும் உடன் சென்றுவிடும். இக்குறையை நீக்கும்பொருட்டே ஏடும் பதிவும் கோவையும் தோன்றின. கோவைகள் கணினிக்குள் புகுந்த பின்னரும் இத்தேவை மாறவில்லை. ஆயின், மேசைக்கொரு கணினி வந்தபோது புதியதொரு சிக்கலும் உடன்வந்தது. ஒரே பெயர்ப்பட்டியலின் ஒரு படி எழுதுவினைஞரின் கணினியிலும், மற்றொரு படி கணக்காளரின் கணினியிலும், இன்னொரு படி தலைவரின் கணினியிலும் இருக்க, அவற்றுள் எது செம்மையானது என எவராலும் துணிந்து கூற இயலாத நிலை ஏற்பட்டது. இந்நிலைக்கு விடையாக எழுந்ததே பொதுச் சேவையகம். பலர்க்கும் பொதுவான கோவைகளை ஓரிடத்தே வைத்துப் பேணி, உரியவர் கேட்கும்போது உரியதை வழங்கும் கணினியை இப்பெயர் சுட்டும். பேச்சுவழக்கில் இதனைச் 'சேர்வர்' என்பர்.

பொதுச் சேவையகத்தைப் பெரும்பாலோர் ஓர் இயந்திரமாகவே கருதுவர். வரலாற்று நோக்கிற் பார்க்குமிடத்து, அது மூன்று பழைய வினாக்களுக்குரிய புதியதொரு விடையாகத் தோன்றுகின்றது. மூல ஏடு எங்கே இருத்தல் வேண்டும்? அதனை வாசிக்கவும் திருத்தவும் உரியவர் யாவர்? அவ்வேடு அழியுமாயின் அதன் மறுபடி எங்கே உளது? முதல் வினாவுக்கு மனிதர் விரைவாகவே விடை கண்டனர். இரண்டாவதற்கு இடர்ப்பட்டு விடை கண்டனர். மூன்றாவதை மறந்தபோதெல்லாம் பெருவிலை கொடுத்தனர். இவ்வுண்மையை எழுவைதீவு போன்றதொரு சிறு தீவை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊர்காவற்றுறைக்கு மேற்கே கடலில், அனலைதீவின் அயலில் அமைந்துள்ளது எழுவைதீவு. பனையும் மீன்பிடியும் அதன் வாழ்வுக்கு ஆதாரம். ஊர்காவற்றுறைப் பிரதேச செயலகத்தின் நிருவாகத்துள் அடங்கிய அத்தீவுக்குப் பாலமில்லை. போக்குவரத்து வள்ளத்திலேயே நடைபெறுகின்றது. நாட்டின் மின்வலையமைப்போடும் அதற்குத் தொடர்பில்லை; அங்குப் பாவனையாகும் மின்சாரம் அங்கேயே உற்பத்தியாக வேண்டும். பெருநகரத்து அலுவலகமொன்றில் மின்சாரமும் தொடர்பும் கேளாமலே கிடைப்பதனால் மேற்கூறிய மூன்று வினாக்களும் மறைந்து கிடக்கும். கடலாற் சூழப்பட்ட இச்சிறு நிலத்தில் அவை மறைவின்றி வெளிப்படும். எழுவைதீவை இங்கு எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் இதுவே.

கந்தோரும் தோம்பும்

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்பது மரபு. இது ஒல்லாந்த மொழிச் சொல். கந்தோரின் மேசையிலுள்ள 'லாச்சி'யும் ஒல்லாந்தச் சொல்லே. கோவைகளை வைக்கும் 'அலுமாரி' போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. காணிப் பதிவேட்டைக் குறிக்கும் 'தோம்பு' என்னுஞ் சொல்லும் அவர்கள் வழிவந்ததே. ஏட்டிலும் நினைவிலும் தன் காணியுரிமையைப் பேணிவந்த ஒரு சமூகம், அந்நியர் ஆட்சியின்கீழ் எவ்வாறு காகிதப் பதிவுக்குள் கொண்டுவரப்பட்டது என்பதனை இச்சொற்களே உணர்த்திநிற்கின்றன.

போர்த்துக்கேயர் 1645 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பட்டினத்தின் வரி வருமானங்களை ஊர்வாரியாகப் பதிவுசெய்து ஓர் ஏட்டினைத் தொகுத்தனர். 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர்கள் காணிகளையும் குடிகளையும் தோம்புகளில் எழுதுவித்தனர். தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களையும் இட்டனர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. ஊர்காவற்றுறைத் தீவு லெய்டன் ஆயிற்று. அனலைதீவு றொட்டர்டாம் ஆயிற்று. எழுவைதீவு 'ஹோர்ண்' எனப் பெயர்பெற்றது. அவற்றுள் டெல்வ்ற் என்பது மாத்திரமே இன்றும் பரவலாக வழங்குகின்றது.

ஹோர்ண் என்னும் பெயர் இவ்வாராய்ச்சிக்கு எதிர்பாராத ஒளியினைத் தருகின்றது. 1602 இல் நிறுவப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஆறு கிளைச் சபைகள் இருந்தன. அம்ஸ்ரடாம், மிடல்பேர்க், டெல்வ்ற், றொட்டர்டாம், ஹோர்ண், என்கௌசன் ஆகிய நகரங்களே அவற்றின் இருப்பிடங்கள். ஆறு கந்தோர்களைக் கொண்ட ஒரே நிறுவனமாக அது விளங்கிற்று. ஆசியாவில் நிகழ்ந்தவற்றை அக்கந்தோர்கள் அறிந்துகொள்வதற்கு ஒரு வழிதான் இருந்தது. பத்தேவியாவிலும் ஏனைய துறைகளிலும் எழுத்தர்கள் அமர்ந்து முக்கியமான கடிதங்களையும் அறிக்கைகளையும் மீண்டும் மீண்டும் படியெடுத்தனர். அப்படிகள் வெவ்வேறு கப்பல்களில் ஏற்றப்பட்டன. ஒரு கப்பல் மூழ்கினும் மற்றொன்று கரைசேரும் என்பது அவர்தம் கணிப்பு. அக்கும்பினி வாணிக வேட்கையாலும் வன்முறையாலும் வளர்ந்ததாயினும், அதன் ஆவணங்கள் இந்நாள்வரை நிலைத்தமைக்கு இப்படியெடுக்கும் வழக்கமும் ஒரு காரணமாகும். 2003 இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு அவற்றை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது.

தேசவழமைச் சட்டத்தின் தொகுப்பு இங்குக் கருதத்தக்க மற்றொரு சான்றாகும். கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி யாழ்ப்பாணத்து வழமைகளைத் தொகுத்தெழுத, அது தமிழில் மொழிபெயர்க்கப்பெற்றுப் பன்னிரு முதலிமாரின் பார்வைக்கு வைக்கப்பட்டது. 1707 இல் அவர்களது ஒப்புதலும் பெறப்பட்டது. எழுதியவர் ஒருவர்; வாசித்துச் சரிபார்த்தவர் பன்னிருவர். எழுதும் உரிமையும் வாசித்து ஒப்பும் உரிமையும் வெவ்வேறானவை என்பதனை இந்நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகின்றது. அப்பன்னிருவரும் ஊரின் உயர்நிலையினர் என்பதும், வழமைக்கு உட்பட்டு வாழ்ந்த எளியோருள் எவரும் அவ்வாசகர் வரிசையில் இடம்பெறவில்லை என்பதும் மறத்தற்குரியனவல்ல.

ஆங்கிலேயர் காலத்தில் உடையாரும் விதானையாரும் ஊர்ப்பதிவுகளைக் கையிற் கொண்டிருந்தனர். 1963 இல் கிராமத் தலைமைக்காரர் முறை ஒழிக்கப்பட்டு, கிராம சேவையாளர் பதவி தோற்றுவிக்கப்பட்டது. பதவியின் பெயர் மாறியபோதும் ஊரார் அவரை 'விதானையார்' என்றே நெடுங்காலம் அழைத்துவந்தனர். ஊர்ப்பதிவு என்பது ஓர் ஆளோடு ஒட்டிய பொருளாகவே மக்கள் மனத்திற் பதிந்திருந்தமையை இவ்வழக்கு புலப்படுத்துகின்றது. 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வளர்ந்த கூட்டுறவுச் சங்கங்களோ வேறொரு மரபினை உருவாக்கின. அங்கே கணக்கேடு தலைவரின் உடைமையன்று. அங்கத்தவர் அனைவருக்கும் உரியது. எழுதுபவர் ஒருவர், மேற்பார்ப்பவர் சிலர், கேட்டறியும் உரிமையுடையோர் பலர். 1936 இல் மூளாயிற் கூட்டுறவு முறையில் வைத்தியசாலையொன்றையே நிறுவுமளவுக்கு யாழ்ப்பாணத்தில் இம்மரபு வேரூன்றியது. பொதுச் சேவையகத்தின் உட்பொருளும் இக்கூட்டுறவுக் கணக்கேட்டின் உட்பொருளும் பெரிதும் ஒத்தவை.

பொதுக் கணினியின் தோற்றம்

கணினி தொடக்கத்திலிருந்தே பகிரப்படும் பொருளாக இருந்தமை குறிப்பிடத்தக்கது. அதன் விலையே அதற்குக் காரணம். 1950 களில் ஒருவரின் வேலை முடிந்த பின்னரே மற்றொருவரின் வேலை இயந்திரத்துள் இடப்பட்டது. 1961 நவம்பரில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே பெர்னாண்டோ கோர்பற்றோவும் அவர்தம் குழுவினரும் ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையிற் பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறையைச் செய்துகாட்டினர். ஒவ்வொருவரும் தத்தம் கோப்புகளை அக்கணினியிலேயே சேமித்துவைக்கலாயினர். பலருடைய பொருள்கள் ஒரே பெட்டகத்துள் இருந்தமையால், ஒவ்வொருவர்க்கும் ஒரு கடவுச்சொல் வழங்க நேர்ந்தது.

பொதுப் பெட்டகம் தோன்றிய உடனேயே அதன் பூட்டும் சோதனைக்குள்ளாயிற்று. அலன் ஷேர் என்னும் ஆய்வு மாணவருக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதவில்லை. 1962 இல் அவர் கடவுச்சொற்கள் அனைத்தும் அடங்கிய கோப்பினை அச்சிட்டுத் தருமாறு கணினிக்கு ஆணையிட்டு, அதனைப் பெற்றும் கொண்டார். பல்லாண்டுகள் கழிந்த பின்னரே அவர் இதனை வெளியிட்டார். 1966 இலோ, நாள்தோறும் பயனாளருக்குக் காட்டப்படும் பொது அறிவித்தலும் கடவுச்சொற் கோப்பும் தவறுதலாக இடம்மாற, உள்நுழைந்தோர் யாவர்க்கும் கடவுச்சொற்கள் அனைத்தும் புலனாயின. முன்னது மனிதரின் தந்திரம். பின்னது அமைப்பின் வழு. இரண்டாவது வினாவுக்கு விடைகாணுதல் எளிதன்று என்பதனை இவ்விரு நிகழ்ச்சிகளும் தொடக்கத்திலேயே உணர்த்தின.

1969 இல் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் உருவாக்கத் தொடங்கிய யுனிக்ஸ் என்னும் இயங்குதளம் இவ்வினாவை எளிய முறையில் அணுகிற்று. ஒவ்வொரு கோப்புக்கும் உடையவர், குழுவினர், ஏனையோர் என மூவகை உரிமையாளர் வகுக்கப்பட்டனர். ஒவ்வொரு வகையினர்க்கும் வாசித்தல், எழுதுதல், இயக்குதல் என மூன்று அனுமதிகள் தனித்தனியே கொடுக்கவும் மறுக்கவும் பட்டன. இன்று சிறு அலுவலகமொன்றில் எழுப்பப்படும் சேவையகத்திலும் இப்பாகுபாடே அடிப்படையாக நிலைத்துள்ளது. கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர், நிருவாகக் குழுவினர், பொது அங்கத்தவர் என்னும் பாகுபாட்டினை இதனோடு ஒப்புநோக்கலாம்.

1970 களில் சிறு கணினிகள் தோன்றவே, பகிர்தலின் வடிவமும் மாறிற்று. கலிபோர்னியாவிலுள்ள சீரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ற்றோ ஆய்வு நிலையத்தில் 1973 இல் ஆல்ற்றோ என்னும் மேசைக்கணினி இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு றொபேட் மெற்காவ் கணினிகளை ஒரே கம்பியால் இணைக்கும் ஈதர்நெற் முறையினை முன்மொழிந்து, டேவிட் பொக்ஸுடன் சேர்ந்து அதனை உருவாக்கினார். கணித்தற் பணி அவரவர் மேசைக்கு வந்தது. விலைமிக்க சேமிப்புத் தட்டும் அச்சியந்திரமும் பொதுவில் நின்றன. இன்றைய சிறு அலுவலகத்தின் அமைப்பு ஏறக்குறைய இதுவே.

சிறு அலுவலகத்தை அடைந்த வரலாறு

1981 ஓகஸ்ட் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாட் கணினியை வெளியிட்டது. அலுவலகங்கள் அதனை விரும்பி ஏற்றன. ஆயின் அதுகாறும் ஒரே இடத்திலிருந்த கோப்புகள் மேசைதோறும் சிதறின. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கோப்பினைக் கொடுப்பதற்கு நெகிழ்வட்டினைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து செல்ல வேண்டியிருந்தது. கும்பினிக் காலத்துப் படியெடுக்கும் சிக்கல் இங்கு மீளவும் தோன்றிற்று எனலாம். 1983 இல் நொவெல் நிறுவனத்தின் நெற்வெயார் வந்தது. அதே காலப்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த பரி பைகன்பாம் கோப்புகளை வலையமைப்பின் வழியே பகிரும் நெறிமுறையொன்றினை வகுத்தார். 1984 இல் சன் நிறுவனம் யுனிக்ஸ் கணினிகளுக்கெனத் தனியொரு பகிர்வு முறையினை உருவாக்கிற்று. இவற்றால் மூல ஏடு மீண்டும் ஓரிடத்தை அடைந்தது.

எனினும் இவை பணம் படைத்த நிறுவனங்களுக்கே எட்டுவனவாயிருந்தன. இந்நிலையை மாற்றியோர் இருவரும் அக்காலத்திற் பல்கலைக்கழக மாணவராயிருந்தமை சிந்திக்கற்பாலது. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் ரோவால்ட்ஸ் 1991 இல் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கருவினை வெளியிட்டார். கன்பராவிலுள்ள அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த அன்று ரிட்ஜெல், 1992 தொடக்கத்தில், இருவேறு வகைக் கணினிகள் தம்முள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் மென்பொருளொன்றினை எழுதி வெளியிட்டார். பின்னர் அது சம்பா எனப் பெயர்பெற்றது. இரண்டும் எவரும் பெற்றுப் படித்துத் திருத்தக்கூடிய வகையில் வழங்கப்பட்டன. ஒதுக்கிவைக்கப்பட்ட பழைய கணினியொன்றினையும் அலுவலகத்தின் பொதுப் பெட்டகமாக ஆக்கலாம் என்னும் நிலை இதனால் உருவாயிற்று. வசதி குறைந்த நாடுகளின் சிறு அலுவலகங்களுக்கு இது பேருதவியாயிற்று.

யாழ்ப்பாணத்தின் அனுபவம்

உலகிற் சேவையகம் சிறு அலுவலகத்தை நோக்கி வந்த இக்காலப்பகுதியே யாழ்ப்பாணத்தின் ஏடுகள் பேரழிவைக் கண்ட காலமுமாகும். ஐ.பி.எம். கணினி வெளிவருவதற்கு ஏறத்தாழ இரு மாதங்களின் முன்னர், 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீயிடப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் எரிந்தழிந்தன. அச்சிட்ட நூலுக்கு மற்றொரு படி எங்கேனும் கிடைக்கலாம். ஒரே படியாக இருந்த சுவடிக்கு அவ்வாய்ப்பில்லை. மூன்றாவது வினாவின் கொடுமையை இத்தீயினும் மேலாக உணர்த்தக்கூடிய நிகழ்ச்சி ஈழத்துத் தமிழர் வரலாற்றில் இல்லை.

1990 அளவில் இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கிடையே மின்னஞ்சல் வலையமைப்புத் தொடங்கியது. அதே ஆண்டில் மீண்டும் மூண்ட போரினால் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. மாணவர் சிறு போத்தல்களில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்டு எரித்த விளக்கொளியிற் படித்தனர். வானொலி கேட்பதற்கு ஈருருளியின் மின்னாக்கியைச் சுழற்றினர். தீவகத்தினின்றும் 1990, 1991 ஆம் ஆண்டுகளிற் பெருந்தொகையான மக்கள் இடம்பெயர்ந்தனர். வீட்டைவிட்டு ஓடுவோர் எடுத்துச்செல்ல முயல்வனவற்றுள் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் முதன்மையானவை. எடுக்கத் தவறியோர் பின்னாளில் தாம் இன்னார் என்பதையும் இக்காணி தமதென்பதையும் நிறுவுவதற்கு அலுவலகம் அலுவலகமாக அலைய நேர்ந்தது. அலுவலகத்திலிருந்த பிரதியும் அழிந்துபோயிருந்தால் அவர்தம் நிலை சொல்லுந்தரமன்று. பதிவேடு என்பது எளியோருக்கு எத்துணை இன்றியமையாத பாதுகாப்பு என்பதனை இவ்வனுபவம் உணர்த்துகின்றது.

இவ்விழப்பினின்றும் எழுந்த முயற்சிகள் சேவையகத்தின் வரலாற்றோடு நேரடித் தொடர்புடையவை. 1998 பொங்கலன்று சுவிற்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழிலக்கியங்களைத் தட்டெழுதி இணையத்தில் வைத்தது. 2005 இல் ஈழத்து இளைஞர் தொண்டர்களாய்க் கூடி 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தைத் தொடங்கினர். ஈழத்து நூல்களும் இதழ்களும் பிற ஆவணங்களும் அதில் மின்வடிவம் பெற்று வருகின்றன. எரிந்த ஒரு கட்டடத்தின் நினைவிலிருந்து, ஒரே கட்டடத்தை நம்பியிராத ஒரு நூலகம் உருவானமை வரலாற்றின் பொருள்பொதிந்த திருப்பமாகும்.

தமிழ்க் கோப்புகளைப் பகிர்வதில் மற்றொரு தடையும் இருந்தது. இலங்கையின் தமிழ் அலுவலகங்களிற் பாமினி என்னும் எழுத்துரு நெடுங்காலம் பயன்பட்டது. ஆங்கில எழுத்துக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமைத்த முறை அது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் கோப்பினைத் திறப்பின் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். 1991 இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தபோதிலும், அலுவலகங்கள் அதற்கு மாறுவதற்குப் பல்லாண்டுகள் சென்றன. பொதுப் பெட்டகத்தில் வைக்கப்பட்ட கோவை பொதுவில் வாசிக்கத்தக்கதாயும் இருத்தல் வேண்டும். இன்றேல் அது பூட்டிய பெட்டகமே.

எழுவைதீவில் ஒரு சேவையகம்

மேற்கூறிய வரலாற்றைக் கருத்திற்கொண்டு, எழுவைதீவு போன்றதொரு தீவில் நான்கைந்து மேசைகள் கொண்ட ஓர் அலுவலகத்தில் பொதுச் சேவையகம் அமைப்பதாயின் என்னென்ன நோக்கப்படல் வேண்டும் என்பதனை ஆராயலாம்.

முதலாவது மின்சாரம். நெடுங்காலமாக டீசல் மின்னாக்கியையே நம்பியிருந்த எழுவைதீவிற் கடந்த பத்தாண்டின் பிற்பகுதியில் ஞாயிற்றொளி, காற்று, டீசல் ஆகிய மூன்றனையும் மின்கலத் தொகுதியோடு இணைத்து இயங்கும் கலப்பு மின்னமைப்பினை இலங்கை மின்சார சபை ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் நிறுவிற்று. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் இத்தகைய அமைப்புகளை நிறுவுவதற்கு 2022 மார்ச் மாதத்தில் இலங்கையும் இந்தியாவும் உடன்படிக்கை செய்வதற்கு முன்னரே எழுவைதீவு இத்துறையில் முன்னோடியாயிற்று. பகலில் வெயிலும் பருவக்காற்றும் தருவதனைச் சேமித்து இரவிற் பயன்படுத்தும் ஓர் ஊரில், ஒவ்வோர் அலகு மின்சாரமும் எண்ணிச் செலவிடத்தக்கது. இரு தட்டுகள் கொண்ட சிறு சேவையகப் பெட்டி 30 உவாற்று வலுவை நுகர்வதாகக் கொள்வோமாயின், இரவுபகல் இயங்கும்போது ஒரு நாளைக்கு 0.72 அலகும் ஒரு மாதத்துக்கு ஏறத்தாழ 22 அலகும் செலவாகும். பழைய மேசைக்கணினியொன்று 100 உவாற்று நுகருமாயின் மாதச் செலவு 72 அலகாகும். ஆகவே விலையின்றிக் கிடைக்கும் பழைய கணினி ஈற்றிற் கூடிய செலவைத் தருதல் கூடும். மின்சாரம் திடீரெனத் தடைப்படின், எழுதிக்கொண்டிருந்த கோப்புச் சிதையாதவாறு சேவையகத்தை ஒழுங்காக நிறுத்துவதற்குச் சில நிமிட நேரமாவது தாங்கும் மின்கலப் பெட்டியும் உடனிருத்தல் அவசியம்.

இரண்டாவது இடம். கடற்காற்றிலுள்ள உப்பு உலோகப் பகுதிகளை அரிக்கும். யன்னலோரத்தையும் தரையையும் தவிர்த்து, காற்றோட்டமும் நிழலும் உள்ள உயர்ந்த இடத்திற் பெட்டியை வைத்து, அடிக்கடி தூசி நீக்குதல் வேண்டும். மின்னலினாற் கேடு விளையாதிருக்கப் புவித்தொடுப்பும் செம்மையாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவது உரிமை. சேவையகத்திற்கு வலையமைப்பில் மாறாததொரு முகவரி கொடுத்து, கணினிகளைக் கம்பிவழி இணைத்த பின்னர், பணிபுரிவோர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனிப் பெயரும் கடவுச்சொல்லும் வழங்குதல் வேண்டும். எல்லோரும் ஒரே பெயரில் உள்நுழைவது வசதியாகத் தோன்றினும், யார் எதனைத் திருத்தினார் என்பது பின்னர்த் தெரியவராது. பொதுக் கோவைகளை எல்லோரும் வாசிக்கலாம். அவ்வவ் விடயத்துக்குப் பொறுப்பானவரே எழுதலாம். நிவாரணம் பெறுவோர் விபரம், மருத்துவக் குறிப்பு போன்றவற்றை உரியவர் மாத்திரமே திறக்கலாம். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஒரு சிறு தீவில் இக்கடைசி விதி மிகுந்த கவனத்துக்குரியது. பெருநகரில் யாரோ ஒருவரின் நோயைப் பற்றிய குறிப்பாகக் கடந்துபோவது, தீவில் அயல்வீட்டாரின் இரகசியமாக அமைந்துவிடும்.

நான்காவது மறுபடி. சேவையகத்தில் இரு தட்டுகளை வைத்து ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் உடனுக்குடன் எழுதுவிக்கும் முறை பரவலாக உண்டு. மலிவான தட்டுகளைத் தொகுத்துப் பயன்படுத்தும் இம்முறையினை 1988 இல் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தினர் மூவர் விரித்துரைத்தனர். தட்டொன்று பழுதாகும்போது வேலை தடைப்படாதிருக்க இது உதவும். எனினும் இதனை மறுபடியாகக் கருதுதல் தவறு. ஒருவர் கோப்பொன்றைத் தவறுதலாக அழிப்பாராயின் அது இரு தட்டுகளிலும் ஒருசேர அழியும். தீயோ வெள்ளமோ வரின் இரண்டும் ஒருங்கே போகும். மறுபடி வேறோர் இடத்தில் இருந்தாலன்றி அது மறுபடியாகாது.

தீவிலிருந்து மறுபடியை எவ்வாறு அனுப்புவது? வினாடிக்கு 10 மெகாபிற்று வேகமுள்ள தொடர்பின் வழியாக ஒரு ரெறாபைற்று அளவினை அனுப்புவதற்கு ஒன்பது நாள்களுக்கு மேலாகும். அதே அளவினை அடக்கிய வன்தட்டினைப் பையிலிட்டு ஊர்காவற்றுறைக்குச் செல்லும் வள்ளத்தில் எடுத்துச் செல்வோர் அன்றைய பொழுதுக்குள்ளேயே கரைசேர்ந்துவிடுவர். முதன்முறை முழுப்படியினை வள்ளத்திலும், பின்னர் நாள்தோறும் நிகழும் சிறு மாற்றங்களைத் தொடர்பின் வழியாகவும் அனுப்புவதே சிக்கனமான ஏற்பாடு. தட்டுகள் இரண்டினை மாறிமாறி அனுப்பின், எந்நேரமும் ஒரு படி கடலுக்கு அப்பால் இருக்கும். பிறர் வாசிக்க இயலாதவாறு மறைகுறியாக்கி அனுப்புதல் இன்றியமையாதது. கும்பினியின் எழுத்தர்கள் கப்பலை மாற்றிமாற்றிப் படிகளை ஏற்றிய அறிவினை, ஹோர்ண் எனப் பெயர்பெற்றிருந்த தீவு தன் வள்ளத்தின் மூலம் மீட்டுக்கொள்வதாக இதனைக் கருதலாம்.

மறுபடி இல்லாத மூலங்கள்

சிறு அலுவலகத்துக்கு இத்தனை எச்சரிக்கை வேண்டுமோ என வினவுவோர் இருத்தல் கூடும். சேவையகத்தைத் தீவில் வையாது, தலைநகரிலுள்ள பெருநிலையமொன்றின் பொறுப்பில் விட்டுவிடலாமே என்பதும் நியாயமான கேள்வியே. அவ்வாறு விடுதலால் நன்மைகள் பல உள என்பதில் ஐயமில்லை. தீவின் மின்சாரம் நின்றாலும் பதிவு நிலைக்கும். பழுதினைத் திருத்தத் தேர்ந்தவர்கள் அங்கிருப்பர். ஆயின் பெரியது என்பதனாலேயே ஒன்று பாதுகாப்பானதாகிவிடாது என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டு சான்றாகும்.

2023 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினியமைப்பு மீட்புப்பணம் கோரும் தீநிரலொன்றின் தாக்குதலுக்கு இலக்காயிற்று. அரச மின்னஞ்சல் முகவரிகளைப் பயன்படுத்திய ஏறக்குறைய 5,000 கணக்குகளின் தரவுகள், அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான காலத்துக்குரியவை, இழக்கப்பட்டன. பாதிப்புற்றோருள் அமைச்சரவை அலுவலகமும் அடங்கும். அக்காலத்துக்குரிய மறுபடி இருக்கவில்லை, மென்பொருளும் பழையதாயிருந்தது.

2025 செப்தெம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜொன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் லிதியம் மின்கலங்கள் தீப்பற்றின. அரச ஊழியர் தம் கோவைகளைப் பொதுவிற் சேமிப்பதற்கென அமைந்த பெருஞ்சேமிப்பகம் முற்றாக அழிந்தது. அதில் 858 ரெறாபைற்று அளவான தரவு இருந்தது. அளவு மிகப் பெரிதென்னும் காரணத்தினால் அதற்கு வெளியே படி எடுக்கப்பட்டிருக்கவில்லை. உலகில் தொழில்நுட்பத்தால் முன்னணியில் நிற்கும் நாடுகளுள் ஒன்றின் பொதுப் பெட்டகம், ஒரே படியாக இருந்த ஓலைச்சுவடியின் கதியை அடைந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் முதல் வினாவுக்கு விடை இருந்தது. மூலம் ஓரிடத்தில் இருந்தது. இரண்டாவது வினாவுக்கும் ஓரளவு விடை இருந்தது. மூன்றாவதற்கு விடை இருக்கவில்லை. தொடர்பறுத்து லாச்சிக்குள் வைக்கப்பட்ட வன்தட்டினைத் தொலைவிலிருந்து வரும் தீநிரல் தீண்டாது. கடலுக்கு அப்பாலுள்ள படியினைக் கட்டடத்தின் தீ எட்டாது. ஓர் எளிய அலுவலகமும் செய்யத்தக்க இக்காரியத்தைப் பெருநிலையங்கள் செய்யத் தவறின என்பதே இங்குக் கற்கவேண்டிய பாடம்.

தீவின் பதிவினைத் தலைநகரில் மாத்திரம் வைப்பதில் மற்றோர் இடரும் உண்டு. கடல் கொந்தளித்துத் தொடர்பு அறும் நாளில், தன் குடிகளின் பெயர்ப்பட்டியலைத் தானே திறந்துபார்க்க இயலாத நிலைக்குத் தீவின் அலுவலகம் தள்ளப்படும். வள்ளமும் ஓடாத அந்நாளிலேயே நோயாளர் எவர், முதியோர் எவர், உணவுப்பொருள் தேவைப்படுவோர் எவர் என்பதனை அது அறியவேண்டியிருக்கும். தொம்புக் காலத்தில் ஊரின் பதிவு ஊராருக்கு எட்டாத கோட்டைக்குள் இருந்தது. தொழில்நுட்பத்தின் பெயரால் அந்நிலை மீண்டும் வருதல் தகாது. ஆகவே மூலம் தீவிலும், மறுபடி கடலுக்கு அப்பாலும் இருத்தலே பொருத்தமான ஏற்பாடாகத் தோன்றுகின்றது.

முடிவுரை

தோம்பிலிருந்து கூட்டுறவுக் கணக்கேடு, நேரப்பகிர்வுக் கணினி, வலையமைப்பு, சிறு சேவையகம் என்றவாறு அமைந்த இவ்வரலாற்றிற் கருவிகள் மாறின, கேள்விகள் மாறவில்லை. மூலத்தை ஓரிடத்தில் வைத்தல் ஒழுங்கைத் தருகின்றது. உரிமையை வகுத்தல் நம்பிக்கையைத் தருகின்றது. மறுபடியை வேறிடத்தில் வைத்தல் நிலைபேற்றைத் தருகின்றது. இம்மூன்றனுள் முதலாவதை இயந்திரம் தானே செய்துவிடும். ஏனைய இரண்டும் மனிதரின் கடமைகள். மறுபடியை எடுத்தாற் போதாது. அதனை ஆண்டுக்கொருமுறையேனும் திறந்து, உள்ளிருப்பன உண்மையில் மீள்கின்றனவோ எனச் சோதித்தலும் வேண்டும். சோதிக்கப்படாத மறுபடி உளதென்று நம்பப்படுவது, உளதென்று அறியப்பட்டதன்று.

எழுவைதீவின் சிறு அலுவலகமொன்றிலுள்ள கோவைகள் உலக வரலாற்றில் இடம்பெறப் போவதில்லை. பிறப்பும் இறப்பும், காணியின் எல்லையும், வள்ளத்தின் உரிமையும், சங்கத்தின் கடனுமே அவற்றில் எழுதப்பட்டிருக்கும். எனினும், தன் பெயர் எழுதப்பட்ட தாளினைத் தேடி அலைந்த தலைமுறையொன்று அத்தீவகத்தில் இன்றும் வாழ்கின்றது. அவர்தம் பிள்ளைகளும் அவ்வாறு அலையாதிருத்தற்கு வேண்டுவன, அலுமாரியின் மேல் ஒரு சிறு பெட்டியும், மாதந்தோறும் கடல்கடந்து சென்றுவரும் ஒரு வன்தட்டும், அவற்றைத் தவறாது பேணும் ஒருவரின் பொறுப்புணர்ச்சியுமேயாம்.